அத்தை மீன்

நூல் அறுந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மியூசியத்தின் மீன் பிரிவில் என் வேலையில் பாதி, ஜாடிகளில் ஸ்பிரிட் குறையாமல் பார்த்துக்கொள்வது. மீதிப் பாதி, உள்ளே கிடப்பது இன்ன மீன் என்று சொல்வது. அன்று பழைய ஸ்பிரிட்டைக் கொட்டி மாற்றும்போது, சோம்பல்பட்டு இரண்டு ஜாடிகளில் இருந்தவற்றை ஒரே தட்டில் எடுத்து வைத்துவிட்டேன். ஒன்று, பவளப்பாறை ஓரமாக எங்கே வலை போட்டாலும் மாட்டும் பழுப்பு மீன். எங்கள் பிரிவில் அதைச் சாக்கு மீன் என்போம். மற்றொன்று என் மாமியார்.

அதாவது, என் கணவர் கல்யாணத்துக்கு முன்பு கண்டுபிடித்து, தன் அம்மாவின் பெயருக்கு ஒரு லத்தீன் வால் ஒட்டிச் சூட்டிய மீன். உலகத்துக்கு அது லத்தீன் பெயர். எங்கள் பிரிவில், என் முதுகுக்குப் பின்னால் மட்டும், அத்தை மீன்.

உயிரோடு இருக்கும்போது இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சாக்கு மீன் நனைந்த கோணி நிறம். அத்தை மீன் மயில்கழுத்து நீலம், கன்னத்தில் ஆரஞ்சுக் கோடு, வாலில் மஞ்சள் பிறை. ஆனால் ஸ்பிரிட் இந்த அந்தஸ்தையெல்லாம் பார்ப்பதில்லை. சில வருஷம் ஊறினால் எல்லா மீனும் பழைய காகித நிறத்துக்கு வந்துவிடும். அதனால்தான் செவுளில் நூல் கோத்து எண் எழுதிய சீட்டைக் கட்டி வைக்கிறோம். அந்த நூல்கள் மக்கியிருந்தன. தட்டை நகர்த்தியதும் சீட்டுகள் இரண்டும் தனியே மிதந்தன. தட்டில் இரண்டு வெளிறிய மீன்கள், ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

தட்டில் இருந்த அத்தை மீன்தான் மூல மாதிரி. ஓர் இனத்தை முதன்முதலில் அறிவிக்கும்போது எந்த உடலைப் பார்த்து எழுதினார்களோ அந்த உடல். சந்தேகம் வந்தால் உலகத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் வந்து பார்க்க வேண்டும். அதைத் தொலைப்பது கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தொலைப்பது மாதிரி.

துடுப்பு முட்களை எண்ணினேன். செதில் வரிசையை எண்ணினேன். பல்லைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றாகவே இருந்தது. கடைசியில் கணவரின் பழைய கட்டுரையை எடுத்து, அதில் கொடுத்திருந்த நீளத்தை அளவுகோல் வைத்துச் சரிபார்த்துத்தான் மாமியாரைக் கண்டுபிடித்தேன். கொஞ்சம் பெரியது மாமியார்.

நிம்மதியாகச் சீட்டைக் கட்டி ஜாடியில் போட்டு மூடிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். பாதிக் காபியில்தான் உறைத்தது. இவ்வளவு காலம் மீனையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே இரண்டு தனி இனங்களைப் பிரிப்பதற்கு அளவுகோல் தேவைப்பட்டது என்றால், அவை எப்படி இரண்டு இனங்கள்?

மறுநாள் அலமாரியில் இருந்த மற்ற ஜாடிகளையும் இறக்கி, இரண்டு வகையிலும் கிடைத்த மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்தேன். அத்தை மீன் அத்தனையும் ஆண். சாக்கு மீன் அத்தனையும் பெண். ஆண்கள் மட்டுமே உள்ள ஓர் இனமும் பெண்கள் மட்டுமே உள்ள இன்னோர் இனமும் ஒரே பாறையில் குடியிருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள மியூசியம் வேண்டாம், எதிர்வீட்டு ஜன்னல் போதும்.

என் கணவருக்கும் இது கண்ணில் படாமல் இல்லை. அவர் கட்டுரையிலேயே ஒரு வரி இருக்கிறது: 'பெரும்பாலும் சாக்கு மீன் கூட்டத்தின் நடுவே தனியாகக் காணப்படுகிறது.' குடும்பத்தைப் பார்த்திருக்கிறார். கூட்டம் என்று எழுதியிருக்கிறார். அழகாக இருந்ததை மட்டும் வலையில் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார்.

பாறை மீன்களில் இப்படி நிறைய உண்டு. எல்லாம் பெண்ணாகவே வளரும்; ஒரு கூட்டத்துக்கு ஒரு ஆண். அந்த ஆண் செத்துப்போனால், இருப்பதில் பெரிய பெண் ஆணாக மாறும். நிறம், நடை, உள்ளுறுப்பு எல்லாம் மாறும். இரண்டு வேஷத்தையும் இரண்டு இனம் என்று நினைத்துப் பெயர் வைத்து ஏமாந்தவர்கள் எங்கள் தொழிலில் வரிசையாக இருக்கிறார்கள். அந்த வரிசையில் என் கணவர் நிற்பார் என்பது மட்டும்தான் புதுசு. ஒரே மீனுக்கு இரண்டு பெயர் என்று தெரிந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். சாக்கு மீனின் லத்தீன் பெயர் என் மாமியார் பிறப்பதற்கு முன்பே வைத்தது.

ஆக, நான் எழுதினால் மாமியார் போய்விடுவார்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒரு உண்மை தெரிந்தால் வரும் சந்தோஷம் எனக்குப் பழக்கமானது. அது தலையில் வரும். இது வேறு இடத்தில், நெஞ்சுக்குக் கீழே, இளஞ்சூடாக வந்தது. எங்கள் அத்தை அந்த மீனின் படத்தைக் கைப்பையில் வைத்திருப்பவர். மருந்துக் கடையில், பஸ் நிறுத்தத்தில், பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதற்கு முன்பு, எடுத்துக் காட்டுவார். "என் பையன் கண்டுபிடிச்சது, என் பேரு வச்சான்" என்பார். கூடவே, நான் பக்கத்தில் இருந்தால், "இவளும் அங்கதான் இருக்கா, ஜாடி கழுவுறா" என்பார். தப்பான தகவல் என்று சொல்லவும் முடியாது.

எனக்கு அந்த முடிவு வேண்டியிருந்தது என்பதனாலேயே அதை நான் நம்பவில்லை. திரும்ப எண்ணினேன். வேறு மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன். துடுப்பில் துணுக்கு வெட்டி மரபணு சோதனைக்கு அனுப்பினேன். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையும் செய்ததில்லை. அவ்வளவும் கெட்ட எண்ணத்தின் கைங்கரியம்.

மரபணு முடிவு ஒன்றுபோலவே வந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கணவர் இப்போது மியூசியத்தின் இயக்குநர். மீனைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது; கோப்புகளைத்தான் தொடுகிறார்.

காகிதத்தை நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நேரம் கடத்துவது அப்படித்தான்.

"இது போதாது. சமீபத்துல பிரிஞ்ச ரெண்டு இனத்துக்கும் இப்படி ஒரே மாதிரி வரலாம்."

"வரலாங்க. ஆனா வயித்துக்குள்ள பாத்தேன். உங்களது எல்லாம் ஆம்பள."

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம."

மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "உயிரோட ஒண்ணு மாறுறத யாராவது பாத்தாத்தான் ஒத்துக்குவேன்" என்றார். அதற்குள் தன் ஆயுள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை குரலில் இருந்தது.

கீழ்த்தளத்தில் பொதுமக்கள் பார்க்கும் மீன் தொட்டிகள் உண்டு. அவற்றைக் கவனிக்கும் தொட்டிக்காரரிடம் ஒரு தனித் தொட்டி கேட்டு வாங்கினேன். ஒரு அத்தை மீனும் கொஞ்சம் சாக்கு மீன்களும் விட்டோம். அவை பழகியதும் ஆணை வலையில் எடுத்து வேறு தொட்டியில் விடச் சொன்னேன்.

"பாவம் மேடம், தலைவனைத் தூக்கிட்டீங்களே. பொண்ணுங்கல்லாம் ஏங்கிடாது?"

"ஏங்காது. ஒண்ணு அந்த சீட்ல வந்து உக்காந்துக்கும்."

"இங்க நம்ம ஆபீஸ் மாதிரியே சொல்றீங்க."

மாலைக்குள்ளேயே பெரிய சாக்கு மீன் ஒன்று மற்றவற்றை விரட்ட ஆரம்பித்தது. தொட்டிக்காரர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். வாரங்கள் போகப் போக மேனேஜரின் கன்னத்தில் ஆரஞ்சு கசிந்தது, முதுகில் நீலம் ஏறியது. ஒரு நாள் காலை நான் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மாமியார் நீந்திக்கொண்டிருந்தார்.

கணவரை அழைத்து வந்து காட்டினேன். தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதையும் நான் நம்பவில்லை.

"சரி, நீ சொல்றது சரிதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அம்மா இருக்கற வரைக்கும் வேண்டாம். அப்புறம் எழுதிக்கோ. மீன் எங்கயும் ஓடிடாது."

நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டேன். என்ன ஒப்புக்கொண்டேன் என்று அத்தைக்கு இருமல் வந்தபோதுதான் தெரிந்தது.

சாதாரண இருமல். ஆனால் பக்கத்து அறையில் முதல் இருமல் கேட்டதும் என் காது நிமிர்ந்துகொண்டது. நான் எழுதாமல் தள்ளிவைத்திருந்த கட்டுரை நினைவுக்கு வந்தது. சத்தியமாக நான் அதை அழைக்கவில்லை, தானாக வந்தது. உடனே பதறிப்போய் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது, இந்த வெந்நீர் அவருக்கா, எனக்கா என்று கேள்வி. டாக்டரிடம் அழைத்துப்போனால், சீக்கிரம் குணமாக வேண்டும் என்றா அழைத்துப் போகிறேன், இல்லை நிலவரம் தெரிந்துகொள்ளவா? அவர் மாடிப்படி ஏறினால் கூடவே ஏறினேன். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் இவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொண்டதே கிடையாது. எப்படிப்பட்ட மருமகள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தது. ஒரு மனுஷி சாவதற்காகக் காத்திருப்பவள் எப்படி நடந்துகொள்வாளோ, அப்படியே அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தேன்.

அத்தையும் கவனித்திருக்கிறார். ஒரு நாள் மத்தியானம் மாத்திரையும் தண்ணீருமாகப் போய் நின்றேன். வாங்கவில்லை.

"கதவைச் சாத்திட்டு வா. உக்காரு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"சாதாரண சளின்னுதான் சொன்னாரு அத்தை."

"எங்கிட்ட மறைக்காதே. நீ இப்படி விழுந்து விழுந்து கவனிக்கற ஆளா? அவனும் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறான். எனக்கு என்னமோ பெரிசா வந்திருக்கு. எவ்வளவு நாள் குடுத்திருக்காங்க, அதைச் சொல்லு."

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் இல்ல அத்தை."

"அப்ப யாருக்கு?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "உங்க மீனுக்கு" என்றேன்.

"மீனுக்கு என்ன வியாதி?"

"வியாதி இல்ல. அது... தனி மீன் இல்ல. சாக்கு மீனோட ஆம்பள."

சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுதிருந்தால் நான் கட்டுரை எழுதும் எண்ணத்தையே விட்டிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றார்.

அப்போது தொட்டியில் இரண்டாவது சோதனை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முறை நடந்தது போதாது என்று மேனேஜரையும் வெளியே எடுத்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அடுத்தது பாதி வழியில் இருந்தது: தலை நீலம், உடம்பு கோணி. தொட்டிக்காரர் அத்தைக்கு நாற்காலி போட்டார்.

"அம்மா, இதுதான் உங்க மீனு. இன்னும் டிரஸ் மாத்தி முடிக்கல."

அத்தை கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இது பொம்பளையா இருந்துதா?"

"ஆமா அத்தை. அந்தப் பெரிய ஆணை எடுத்ததும் மாற ஆரம்பிச்சுது."

"எவ்வளவு நாள்ல?"

"குணம் அன்னிக்கே மாறிடும். மத்ததை விரட்டும், இடத்தைப் பிடிச்சுக்கும். நிறம் வரத்தான் வாரக்கணக்காகும்."

"அன்னிக்கேவா?" நிமிர்ந்தார். "எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

மாமா இறந்த வருஷத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மாமா இருந்தவரை அத்தை ஓர் அறையில் பேசியதை மறு அறையில் கேட்க முடியாது. அவர் போனபின் சாய்வு நாற்காலி, முதல் செய்தித்தாள், அறைக்குள் நுழையும் முன் செய்யும் செருமல் எல்லாம் ஒவ்வொன்றாக அத்தையிடம் வந்து சேர்ந்தன. அவரை நான் அறிந்தது அதற்குப் பிறகுதான் என்பதுபோல் நடந்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன்பிருந்த அந்தப் பழுப்புப் பெண்மணியோடும் நான் ஏழெட்டு வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தேன். அவரை எந்த ஜாடியில் வைத்தேன் என்று நினைவில்லை.

"சரி, இப்ப என் பேரு என்னாகும்?"

"சாக்கு மீனோட பேருதான் நிக்கும். அது பழசு."

"அது யாரு பேரு?"

"யாரு பேரும் இல்ல அத்தை. லத்தீன்ல அழுக்கு நிறம்னு அர்த்தம்."

"அழுக்கு." அவர் தொட்டிக்காரரைப் பார்த்தார். தொட்டிக்காரர் தரையைப் பார்த்தார். "நான் போயி அழுக்கு வரணுமா?"

"உங்க பேரு முழுசாப் போயிடாது. அந்தப் பேருக்குக் கீழ, இதுக்கு இப்படியும் ஒரு பேரு வச்சிருந்தாங்கன்னு எழுதணும். அதுதான் விதி."

"ஓஹோ. அழுக்குக்குக் கீழ நான்."

தொட்டிக்காரர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"அவன் என்ன சொல்றான்?" என்று அத்தை கேட்டார்.

"நீங்க இருக்கற வரைக்கும் எழுத வேண்டாம்னு..." பாதியில் நிறுத்தினேன். தாமதமாகிவிட்டது.

"அப்போ நான் செத்ததும் எடுத்துடலாம்னு புருஷனும் பொண்டாட்டியும் பேசி வச்சிருக்கீங்க."

தண்ணீரில் குமிழி விடும் மோட்டாரைச் சரிபார்ப்பதுபோல் நான் குனிந்துகொண்டேன்.

"செத்தப்புறம் எடுத்தா நான் எப்படிச் சண்டை போடுறது?" என்றார் அத்தை. "எடுக்கறதா இருந்தா இப்பவே எடு. நான் உயிரோட இருக்கும்போது எடு."

சொன்னபடி சண்டையும் போட்டார். காலை உணவு முடிந்ததும் நான் மடிக்கணினியைத் திறந்தால், எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்ல வேண்டும். "நீ பாத்தது ஒரே தொட்டி. கடல் என்ன ஒரு தொட்டியா?" என்பார். பதில் சொன்னால், "சமாளிக்கறே" என்பார். பிறகு கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர்கள் கேட்டவை எனக்குப் பூ மாதிரி இருந்தன.

கணவருக்குத்தான் பெரிய லாபம். அம்மாவே சம்மதித்துவிட்டதால் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவராகத் தானும் சேர்ந்துகொள்வதாகச் சொன்னார். தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மை எத்தனை பேருக்கு வரும் என்று ஒரு கூட்டத்தில் சால்வை போர்த்தாத குறையாகப் பாராட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கை தட்டினேன்.

இதற்கெல்லாம் முன்பு, கட்டுரையை அனுப்புவதற்கு முன் கடைசியாக எழுத வேண்டியிருந்தது அந்தப் பெயர் வரிசை. மேலே அழுக்கு, கீழே அத்தை. நான் தட்டச்சு செய்வதை அவர் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேருக்குப் பக்கத்துல என்னமோ இருக்கே?"

"பேரு வச்சவரு பேரும் வருஷமும். உங்க பையன் பேரு."

"அழுக்குக்குப் பக்கத்துல?"

"அதை வச்சவரோட பேரு."

"உன் பேரு எங்க?"

"இதுல வராது அத்தை. வச்சவங்க பேருதான் மீனோட போகும். எடுத்தவங்க பேரு போகாது."

"கட்டுரை மேல?"

"அங்க இருக்கு. அதை யாரு பாக்கப் போறா?"

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என்னை அவர் அப்படி உற்றுப் பார்த்ததே இல்லை.

"இவ்வளவு பண்ணி உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"சந்தேகம் தீந்துதே."

"போடி" என்றார். போனை எடுத்து மகனை அழைத்தார். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். அதைப் பற்றி இவர் கவலைப்படவில்லை. "டேய், இவ பேருக்கு ஒரு மீன் பாரு. ஜாடி ஜாடியா அடுக்கி வச்சிருக்கீங்களே, பேரு வைக்காதது ஒண்ணுகூடவா இல்ல? என்ன? கேக்கல. ஆமா, இன்னிக்கேதான்." நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். என்னைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "நீலம், ஆரஞ்சுன்னு பளபளன்னு எதையும் எடுக்காதே. எவளாவது வந்து பிடுங்கிடுவா. பழுப்பா ஒண்ணு பாரு. அதுதான் நிக்கும்."

வெட்கமாக இருந்தது. இது என்ன அத்தை, சின்னப் பிள்ளைத்தனமாக, என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மனசு அதற்குள் மியூசியத்துக்குப் போய், மூன்றாவது அலமாரியின் அடித்தட்டில், சுவரோரம், இனம் தெரியாதவை என்று ஒதுக்கிவைத்த ஜாடிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.